லண்டன் கோர்ட் ஆர்டர்ல துபாய் கம்பெனி டைரக்டர் பேரு இருக்கு, அந்த ஊர்லயே இல்லாத ஆள ஜெயில்ல போட முடியுமா?

கடையம்_செல்வம்

எல்லாருக்கும் வணக்கம். எங்க அத்தான் (அக்கா வீட்டுக்காரர்) விஷயமா கேக்கறேன். அவர் துபாய்ல ஒரு ஃப்ரீ ஜோன் டிரேடிங் கம்பெனில ரொம்ப வருஷமா அக்கவுண்ட்ஸ் பாக்கறார். லைசென்ஸ்ல இன்னொரு டைரக்டர் பேரு வேணும்னு முதலாளி சொல்லி, இவரும் சரினு கையெழுத்து போட்டுட்டார், பேருக்குத்தான் டைரக்டர், பங்கும் கிடையாது எதுவும் கிடையாது. இப்ப ஒரு சரக்கு தகராறுல எதிர் பார்ட்டி லண்டன் ஹைகோர்ட்டுக்கு போய் கம்பெனி மேல உலகம் பூரா சொத்த முடக்கற ஆர்டர் வாங்கிட்டாங்க. இமெயில்ல பிடிஎஃப் வந்துச்சு, முதல் பக்கத்துலயே கட்டம் கட்டி பெரிய எழுத்துல எச்சரிக்கை, கம்பெனி பேரு, அதுக்கு கீழ அத்தான் பேரு, இந்த ஆர்டர மீறினா நீங்க கோர்ட் அவமதிப்பு பண்ணதா முடிவாகி ஜெயிலுக்கு போகலாம், அபராதம் விழலாம், சொத்த எடுத்துக்கலாம்னு போட்டிருக்கு. கம்பெனிக்கு என்னென்ன சொத்து இருக்குனு சத்தியப் பிரமாணம் வேற தாக்கல் பண்ணணுமாம்.

முதலாளி என்ன சொல்றார்னா "அது லண்டன் கோர்ட்டு, நாம இருக்கறது துபாய்ல, அவன் நம்மள என்ன பண்ணிடுவான், கண்டுக்காத"ங்கறார். அதோட நிக்கல, இந்த வாரமே ஒரு அக்கவுண்ட்ல இருந்து அவரோட இன்னொரு கம்பெனி அக்கவுண்டுக்கு பணத்த மாத்த சொல்றார், பேங்க்ல கையெழுத்து போடற அதிகாரம் அத்தானுக்குத்தான் இருக்கு. அக்கா பொண்ணு இங்கிலாந்துல படிக்குது, அவங்க போக வர வேண்டியிருக்கு. அத்தான் இதுவரைக்கும் லண்டன் பக்கமே போனதில்ல, அவர் இந்தியன், கம்பெனி துபாய், அப்புறம் எப்படி அந்த கோர்ட்டுக்கு இவர் மேல அதிகாரம் வரும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல.

மீனாட்சி_லண்டன்

செல்வம், மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல அத்தானுக்கு போன் போட்டு அந்த பண டிரான்ஸ்ஃபர்ல கையெழுத்து போடாதீங்கனு சொல்லுங்க, இன்னிக்கே சொல்லுங்க. நான் இங்க ஒரு சட்ட நிறுவனத்துல கமர்ஷியல் வழக்கு பாக்கறேன், உங்க பேப்பர பாக்காம அட்வைஸ் குடுக்க முடியாது, ஆனா சட்டம் எங்க நிக்குதுனு சொல்றேன்.

முதலாளி மூணு கேள்விய ஒண்ணா போட்டு குழப்பறார். கம்பெனி மேல கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கா, கம்பெனி ஆர்டர மீறினா வெளிநாட்ல இருக்கற டைரக்டர கோர்ட் அவமதிப்புக்கு இழுக்க அதிகாரம் இருக்கா, இழுத்து தண்டனை குடுத்தா ஆள எப்படி பிடிப்பாங்க. மூணாவதுல கோர்ட்டுக்கு கஷ்டம் இருக்கறது உண்மை. அத வச்சு முதல் ரெண்டுக்கும் "இல்ல"னு பதில் சொல்லிடறாங்க, அங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க.

முதல் கேள்வி. காண்ட்ராக்ட்ல தகராறு வந்தா இங்கிலாந்து கோர்ட்னு எழுதி இருந்தா கம்பெனி மேல அதிகாரம் இருக்குனு வச்சுக்கலாம், இந்த சரக்கு வியாபாரத்துல பெரும்பாலும் அப்படித்தான் எழுதறாங்க. அப்படி இல்லனா அதிகாரம் இல்லனு முறையா மனு போட்டு எதிர்க்கலாம், வழி இருக்கு. ஆனா ஆர்டர் தப்புனே வச்சாலும் அது ரத்தாகற வரைக்கும் கீழ்ப்படிஞ்சே ஆகணும், இதுல இங்க இருக்கற ஜட்ஜுங்க கொஞ்சமும் விட்டுக்குடுக்க மாட்டாங்க.

ரெண்டாவதுதான் உங்க கேள்வி. இதுக்கு நேர் பதில் 2014ல அப்பீல் கோர்ட் குடுத்த டார் அல் அர்கான் தீர்ப்பு. சவுதி ரியல் எஸ்டேட் கம்பெனி ஒண்ணு, பஹ்ரைன் பேங்க் ஒண்ணு, ரெண்டும் சேந்து லண்டன்ல வழக்கு போட்டாங்க, அந்த வழக்குல ஹார்டு டிரைவ் சம்பந்தமா கோர்ட்டுக்கு குடுத்த உறுதிமொழிய அவங்களே மீறிட்டாங்கனு எதிர் தரப்பு அவமதிப்பு மனு போட்டுச்சு, கம்பெனிங்க மேல மட்டும் இல்ல, சவுதில இருக்கற டைரக்டர் மேலயும். அவர் தரப்பு வாதம் அப்படியே உங்க அத்தான் முதலாளி சொல்றதுதான், நான் சவுதில இருக்கேன், இங்கிலீஷ் விதி எனக்கு எப்படி பொருந்தும்னு. அப்பீல் கோர்ட் ஏத்துக்கல. கம்பெனி கோர்ட்டோட அதிகாரத்துக்குள்ள இருக்குனா அந்த கம்பெனிய நடத்தற ஆள் எந்த நாட்ல இருந்தாலும் கம்பெனியோட மீறலுக்காக அவர் மேல நடவடிக்கை எடுக்கலாம்னு சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, கம்பெனிக்கு கை கால் கிடையாது, ஜெயில்லயும் போட முடியாது. டைரக்டர் பக்கத்து நாட்ல உக்காந்துட்டாலே போதும்னா வெளிநாட்டு கம்பெனிக்கு போடற எந்த ஆர்டரும் வெறும் காயிதம்தான்.

இன்னொண்ணு, உங்க பிடிஎஃப்ல கடைசி பக்கங்கள்ல "இங்கிலாந்துக்கு வெளிய இருக்கறவங்க"னு ஒரு பாரா இருக்கும் பாருங்க. சொத்து முடக்கற ஆர்டருக்கு இங்க ஒரு வழக்கமான வாசகம் உண்டு, வெளிநாட்ல இருக்கற மூணாவது ஆளுங்கள இந்த ஆர்டர் பாதிக்காதுனு சொல்லிட்டு, ஆனா கீழ சொல்றவங்கள பாதிக்கும்னு ஒரு விதிவிலக்கு போடுவாங்க. அதுல முதல் வரியே எதிர் மனுதாரரும் (ஆர்டர் யார் மேலயோ அவர், இங்க கம்பெனி) அவரோட ஆபீசரும்தான். டைரக்டர்னா ஆபீசர். கம்பெனி தானாவோ டைரக்டர், ஊழியர், ஏஜெண்ட் மூலமாவோ மீறக்கூடாதுனு இன்னொரு பாரா இருக்கும். அத்தான இதெல்லாம் தானே ஒரு தடவ படிக்க சொல்லுங்க, முதலாளி சொல்ற வியாக்கியானத்த நம்ப வேண்டாம்.

எல்எல்எம்_கார்த்தி

மீனாட்சி மேடம், ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. 2009ல ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் (அப்ப அதுதான் அங்க உச்ச கோர்ட்) மஸ்ரி வழக்குல இதுக்கு நேர் எதிரா சொல்லலயா? ஏமன் எண்ணெய் வயல் வருமானத்துல பங்கு கேட்டு மஸ்ரி ஜெயிச்சார், லெபனான்ல பதிஞ்ச கம்பெனி காசு தரல, கிரீஸ்ல இருந்த அந்த கம்பெனி ஆபீசர லண்டனுக்கு வரவழைச்சு சொத்து எங்கனு குறுக்கு விசாரணை பண்ணணும்னு கேட்டாங்க. அப்பீல் கோர்ட் சரினு சொன்னத ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் கவுத்துருச்சு, லார்ட் மேன்ஸ் தீர்ப்பு. வெளிநாட்ல இருக்கற ஆபீசருக்கு அந்த சிபிஆர் 71 விதி (இங்கிலாந்து சிவில் நடைமுறை விதிகள்ல, தீர்ப்புப் பணம் கட்டாதவங்கள கோர்ட்டுக்கு கூப்பிட்டு சொத்து பத்தி விசாரிக்கற விதி) பொருந்தாதுனு தெளிவா இருக்கு. மேல் கோர்ட் அப்படி சொல்லி இருக்கறப்ப அப்பீல் கோர்ட் 2014ல எப்படி மாத்தி சொல்ல முடியும்? எனக்கு எஸ்ஸேல இதான் புரியாம நிக்குது.

மீனாட்சி_லண்டன்

நல்ல கேள்வி கார்த்தி, சேலஞ்ச் பண்றவங்க எல்லாரும் இந்த மஸ்ரியதான் தூக்கிட்டு வருவாங்க, அந்த சவுதி டைரக்டரோட வக்கீலும் அததான் பண்ணார்.

மஸ்ரில அந்த ஆபீசர் என்ன தப்பு பண்ணார்? ஒண்ணும் இல்ல. அவர் மேல எந்த குற்றச்சாட்டும் கிடையாது, கடன் கம்பெனியோடது, அவர் கிட்ட இருந்து தகவல் மட்டும் வேணும், அதுக்காக இன்னொரு நாட்ல இருக்கற ஆள இங்க வந்து பதில் சொல்லுனு கூப்பிடறாங்க. சாட்சிய இழுக்கற மாதிரிதான் அது, வெளிநாட்டு சாட்சிய சம்மன் போட்டு இழுக்கற வழக்கம் இங்க எப்பவும் இல்ல. பார்லிமெண்டோ விதி எழுதினவங்களோ எல்லைக்கு வெளியவும் போகும்னு நினைச்சு எழுதினாங்கனு தெரிஞ்சாதான் ஒரு விதிய அப்படி நீட்டிப் படிக்கலாம், 71வது விதி சாதாரண தனியார் கடன் வசூலுக்கானது, அதுல அப்படி நினைச்சதுக்கு எந்த அடையாளமும் இல்லனு லார்ட் மேன்ஸ் சொன்னார். திவாலான கம்பெனியோட டைரக்டர பொது விசாரணைக்கு கூப்பிடற சீகல் வழக்கு 1993ல வந்துச்சு, ஆள் சேனல் தீவுல ஆல்டர்னில இருந்தார், அந்த கேஸ்ல கூப்பிடலாம்னு முடிவாச்சு, ஏன்னா அதுல பொது நலன் இருக்கு. மஸ்ரி தீர்ப்பு அத மறுக்கவே இல்ல, வேற ரகம்னு ஒதுக்கி வச்சுச்சு.

அவமதிப்புல டைரக்டர் சாட்சி இல்ல, மீறினதா சொல்லப்படற ஆளே அவர்தான். கோர்ட் தன்னோட ஆர்டர காப்பாத்திக்கற விஷயம் இது, இதுல பொது நலன் இருக்கு. அதனால டார் அல் அர்கான்ல மஸ்ரிய மாத்தல, மஸ்ரி பேசின விதி வேற, இது வேறனு பிரிச்சுதான் சொன்னாங்க.

எஸ்ஸேக்கு டாயிஷ் பேங்க் வெர்சஸ் விக் வழக்க கண்டிப்பா போடுங்க, ஏன்னா அதுல சிபிஆர் 71ம் அவமதிப்பும் ஒண்ணா வருது. செபாஸ்டியன் ஹோல்டிங்ஸ்னு டர்க்ஸ் கைகோஸ் தீவு கம்பெனி, 2008ல கரன்சி வர்த்தகத்துல பெரிய நஷ்டம், 2013ல கிட்டத்தட்ட 24 கோடி 30 லட்சம் டாலர் பேங்குக்கு கட்டணும்னு தீர்ப்பு. கட்டல. அந்த கம்பெனியோட ஒரே டைரக்டர் மொனாக்கோல குடியிருந்த அலெக்சாண்டர் விக். அவர் 71வது விதி ஆர்டர் படி 2015 டிசம்பர்ல லண்டன் கோர்ட்ல வந்து நின்னு பதில் சொன்னார், வந்துட்டார்ங்கறதால மஸ்ரி தடை அங்க பேச்சே இல்ல. அப்புறம் பேங்க் என்ன சொல்லுச்சுனா, டாக்குமெண்ட்ட முழுசா குடுக்கல, தெரிஞ்சே பொய் சொன்னார்னு. அதுக்குள்ள ஆள் நாட்ட விட்டு போயாச்சு, வெளிய இருக்கற என் மேல அவமதிப்பு மனுவ சர்வ் பண்ண (முறைப்படி கையில குடுக்க) முடியாதுன்னார். 2018ல அப்பீல் கோர்ட் முடியும்னு சொல்லிருச்சு, ஆர்டர் போட அதிகாரம் இருக்குனா அத மீறினா கேக்கற அதிகாரமும் அந்த விதிக்குள்ளயே அடங்கி இருக்குங்கறது லார்ட் ஜஸ்டிஸ் க்ராஸ் வச்ச காரணம். அதோட வெளிநாட்டு சர்வீஸுக்கான கேட்வேல (எந்தெந்த வகை வழக்குல வெளிநாட்ல பேப்பர் குடுக்கலாம்னு விதில இருக்கற பட்டியல்) இதுக்கு சரியான இடம் இல்ல, விதிக் குழு யோசிக்கணும்னும் எழுதினார். அது நடந்துச்சு, 2022 அக்டோபர்ல அவமதிப்பு மனுவுக்குனே தனி கேட்வே வந்துருச்சு. அதே 2022ல விக் அவமதிப்பு பண்ணார்னு முடிவாகி 20 மாசம் ஜெயில், நிறுத்தி வச்ச தண்டனையா.

பாரி_ஹைகோர்ட்

சென்னைல பிராக்டிஸ் பண்றேன். லண்டன் கேஸ மேடம் சொல்லிட்டாங்க, நம்ம ஊர் சட்டத்துல இந்த கேள்விக்கு பதில் எழுத்துலயே இருக்குங்கறதால சொல்றேன். 1971 கோர்ட் அவமதிப்பு சட்டம் பிரிவு 11 எடுத்து பாருங்க, அவமதிப்பு எல்லைக்குள்ள நடந்தாலும் சரி வெளிய நடந்தாலும் சரி, பண்ண ஆள் உள்ள இருந்தாலும் வெளிய இருந்தாலும் ஹைகோர்ட் விசாரிக்கலாம்னு இருக்கும். பிரிவு 12ல நாலாவது, அஞ்சாவது உட்பிரிவு கம்பெனி பத்தினது, நாலாவது கோர்ட்டுக்கு குடுத்த உறுதிமொழிய கம்பெனி மீறினா பொறுப்புல இருந்தவங்களும் குற்றவாளினு சொல்லுது, ஆனா எனக்கு தெரியாம நடந்துச்சு, இல்ல தடுக்க முழு முயற்சி பண்ணேன்னு அவர் நிரூபிச்சா தப்பிக்கலாம். அஞ்சாவதுல டைரக்டரோட சம்மதமோ, கண்டும் காணாம விட்டதோ, அலட்சியமோ இருந்தாலும் மாட்டுவார். தண்டனை அதிகபட்சம் 6 மாசம், 2000 ரூபாய் அபராதம்.

நடைமுறைல எப்படினா ரெண்டு உதாரணம் எல்லாருக்கும் தெரியும். எரிக்சன் கம்பெனிக்கு தர வேண்டிய பாக்கி விஷயத்துல 2019 பிப்ரவரில அனில் அம்பானிய சுப்ரீம் கோர்ட் அவமதிப்பு குற்றவாளினு சொல்லி 4 வாரத்துல 453 கோடி கட்டு இல்லனா 3 மாசம் உள்ளன்னுச்சு, மார்ச் மாசமே பணம் வந்துருச்சு, ஆள் மும்பைல இருந்தார். மல்லையா கேஸ்ல டியாஜியோங்கற மதுபான கம்பெனிகிட்ட இருந்து வந்த 4 கோடி டாலர கோர்ட் ஆர்டர மீறி பிள்ளைங்களுக்கு மாத்தினதுக்கு 2017 மே மாசம் குற்றவாளினு தீர்ப்பு, 2022 ஜூலைல 4 மாசம் ஜெயில், ஆனா ஆள் இங்கிலாந்துல. ரெண்டு தீர்ப்புலயும் கோர்ட்டோட அதிகாரம் ஒண்ணுதான், கை எட்டுச்சா இல்லயாங்கறதுதான் வித்தியாசம்.

ஆள் எட்டலனா கோர்ட் சொத்த பிடிக்கும், அதையும் நாம பாத்திருக்கோம். அது அவமதிப்பு கேஸ் இல்ல, சம்மன் விஷயம்தான், ஆனா ஏர்செல் மேக்சிஸ்ல மலேசியால இருந்த மேக்சிஸ் முதலாளி அனந்த கிருஷ்ணன் விசாரணைக்கு வரலனு 2017 ஜனவரில சுப்ரீம் கோர்ட் நீ வரலனா ஏர்செல்லோட 2ஜி லைசென்ஸ எடுத்துக்குவோம்னு எச்சரிச்சுச்சு. ஏர்செல் சிம் வச்சிருந்த நம்ம ஆளுங்களுக்கு அந்த பேரு ஞாபகம் இருக்கும்.

செல்வம், லண்டன் கோர்ட் அவமதிப்புக்கு குடுக்கற ஜெயில் தண்டனைய இந்தியால அப்படியே நிறைவேத்த முடியாது. சிவில் புரசீஜர் கோடு 44ஏல இங்கிலாந்து தீர்ப்ப இங்க எக்ஸிக்யூட் பண்ணலாம்தான், ஆனா அது பணத் தீர்ப்புக்கு மட்டும், அபராதம் தண்டனை எல்லாம் அதுல வராதுனு விளக்கத்துலயே இருக்கு. இத வச்சு அத்தான் சேஃப்னு நினைச்சுடாதீங்க, இது மீனாட்சி மேடம் சொன்ன மூணாவது கேள்விக்கு மட்டும்தான் பதில்.

ஷார்ஜா_ரவி

நான் இங்க கம்பெனி பதிவு, லைசென்ஸ் வேலை பாக்கறேன். பேருக்கு டைரக்டர்னு ஒண்ணு பேப்பர்ல கிடையாது தம்பி. லைசென்ஸ்ல பேரு இருக்கு, பேங்க்ல கையெழுத்து இருக்கு, வெளிய இருந்து பாக்கறவனுக்கு கம்பெனிய நடத்தறதே உங்க அத்தான்தான். முதலாளி பேரு எங்கயாவது இருக்கானு முதல்ல பாருங்க, பல இடத்துல நாலு தீவுல நாலு கம்பெனி மேல இருக்கும், அவர் பேரு வெளிய வரவே வராது. பணத்த மாத்தற ஸ்லிப்ல இருக்கப் போறது அத்தான் கையெழுத்து மட்டும்தான். மாத்த சொன்னது முதலாளினு காட்ட மெசேஜ் இமெயில் எது இருந்தாலும் எடுத்து வைக்க சொல்லுங்க, வாய்ல மட்டும் சொல்றார்னா "நீங்க சொன்னத கோர்ட் ஆர்டர் இருக்கறதால என்னால பண்ண முடியாது"னு ஒரு இமெயில் மரியாதையா போட சொல்லுங்க. வேலை போயிடும்னு பயம் இருக்கும், இங்க விசா எல்லாம் அதுல தொங்குது, எனக்கும் தெரியும், ஆனா வேற வேலை தேடிக்கலாம்.

லண்டன்ல கிளை இருக்கற பேங்க்னா ஆர்டர் காப்பி அங்க போன உடனே இங்க அக்கவுண்ட்ல கேள்வி வர ஆரம்பிச்சுடும், அதையும் சொல்லி வைங்க.

கடையம்_செல்வம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்தே அத்தான்கிட்ட பேசிட்டேன், கையெழுத்து போடல, இமெயிலும் அனுப்பிட்டார். முதலாளி கத்தி இருக்கார். மீனாட்சி அக்கா, ரெண்டு விஷயம் மட்டும். அத்தான் இப்பவே டைரக்டர் பதவிய ராஜினாமா பண்ணிட்டா தப்பிச்சுடலாமா? அவர் சும்மா இருந்து, முதலாளி வேற யாரையாவது வச்சு பணத்த மாத்திட்டா அப்பவும் இவர் மேல வருமா? ஆர்டர் இமெயில்ல மட்டும்தான் வந்துச்சு, கையில யாரும் குடுக்கல, அது செல்லுமான்னும் கேக்கறார்.

மீனாட்சி_லண்டன்

கையெழுத்து போடலனு கேட்டதே பெரிய நிம்மதி செல்வம், அந்த இமெயில் காப்பி பத்திரம்.

சும்மா இருந்தா வருமாங்கறதுக்கு பழைய தீர்ப்பு ஒண்ணு இருக்கு, துவாலு அரசு போட்ட தபால்தலை வழக்கு, 1990ல ரிப்போர்ட் ஆச்சு. அந்த தீவுக்கு ஸ்டாம்ப் அடிச்சு வித்த கம்பெனி கோர்ட்டுக்கு குடுத்த வாக்க மீறினப்ப டைரக்டர் பொறுப்பு என்னனு அப்பீல் கோர்ட் சொல்லுச்சு. ஆர்டர் இருக்குனு தெரிஞ்ச டைரக்டர், கம்பெனி அத மதிக்க தன்னால ஆன நியாயமான முயற்சி எடுக்கணும், வேணும்னே எடுக்காம விட்டா அவர் மேலயும் வரும். டைரக்டர்ங்கற பேருக்காக மட்டும் தண்டிக்க மாட்டாங்க, அதுவும் சட்டம்தான், அவரோட பங்கும் தெரிஞ்சே பண்ணதும் சந்தேகத்துக்கு இடமில்லாம, கிரிமினல் கேஸ் அளவுக்கு நிரூபிக்கணும். அதனால அத்தான் எழுத்துல எதிர்ப்பு சொல்லணும், தன்னோட கையெழுத்து அதிகாரத்துல எதுவும் நகராம பாத்துக்கணும், சொத்து விவரத்துல தனக்கு தெரிஞ்சத குடுக்கணும். இவ்வளவும் பண்ணி முதலாளி பின்வாசல் வழியா ஏதாவது பண்ணா அது முதலாளி தலைல விழும், அவர் பேரு லைசென்ஸ்ல இல்லனாலும் ஆர்டர் தெரிஞ்சு மீற உதவற யார் மேலயும் அவமதிப்பு கொண்டு வரலாம்.

ராஜினாமா பண்ணலாம், ஆனா அதுக்கு முன்னாடி நடந்தது கூடவேதான் வரும். சொத்து பிரமாணம் குடுக்க வேண்டிய நேரத்துல ஓடிப் போன மாதிரியும் தெரியக்கூடாது. இங்க ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு பண்ண சொல்லுங்க.

இமெயில் சர்வீஸ நம்பி உக்காராதீங்க. நேர்ல குடுக்கறதுதான் பொது விதி, ஆனா வேற வழில குடுத்தா போதும்னு கோர்ட் அனுமதிக்கலாம், உங்க ஆர்டர்லயே அப்படி ஒரு பாரா இருக்கலாம். அத்தான் அத திறந்து படிச்சாச்சு, ஆர்டர் தெரியாதுனு இனிமே சொல்ல முடியாது.

முக்கியமா, கம்பெனிக்கு வக்கீல் வச்சா அவரே அத்தானையும் பாத்துக்குவார்னு விட்றாதீங்க, கம்பெனி நலனும் இவர் நலனும் இப்ப வேற வேற. தனி ஆள் வேணும். இங்க அவமதிப்பு மனு வந்தா 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கறதால மனு யார் மேல வருதோ அவருக்கு பாதுகாப்பும் நிறைய உண்டு, சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம், மொழிபெயர்ப்பாளர் கேக்கலாம், பதில் சொல்லாம இருக்கற உரிமை உண்டு, இதெல்லாம் மனுவுலயே எழுதி குடுக்கணும்னு 2020ல வந்த புது விதி சொல்லுது. இப்ப அவமதிப்பு மனு எதுவும் வரல, அதனால இன்னிக்கு தேதில அத்தான் இங்கிலாந்து வந்தா யாரும் பிடிக்க மாட்டாங்க. மனு வந்து கூப்பிட்டும் வராம போனா, இவர் இல்லாமயே விசாரிச்சு வாரண்ட் போடலாம், அது இங்க வந்து இறங்கற அன்னிக்கு வேலை செய்யும். கஜகஸ்தான் பேங்க் கேஸ்ல அந்த பேங்கோட முன்னாள் சேர்மன் அப்லியாசோவ்க்கு 2012ல 22 மாசம் குடுத்தாங்க, ஆள் அதுக்கு முன்னாடியே நாட்ட விட்டு போயிட்டார், அப்புறம் சரணடையாம உன் எதிர்வாதத்த கேக்க மாட்டோம்னு கோர்ட் சொல்லிருச்சு, இங்க ஜெயிலுக்கு போகாம தப்பிச்சவர் வழக்கையே தோத்தார்.

சொத்து பிரமாணத்துக்கு கடைசி தேதி ஆர்டர்ல இருக்கும், கம்மியான நாள்தான் குடுத்திருப்பாங்க. பத்தலனா தேதி முடியறதுக்கு முன்னாடி எதிர் தரப்பு சொலிசிட்டர்கிட்ட எழுத்துல அவகாசம் கேக்கணும், கேட்டா பெரும்பாலும் கொஞ்சம் குடுப்பாங்க. அந்த தேதி என்னனு இன்னிக்கு பாத்து இங்க போடுங்க.